ஈ காக்கா நுழையாத பெட்டி

"இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கீழேயிருந்து மேனேஜர் கேட்டார்.

"அஞ்சே நிமிஷம் சார்," என்று ஏணியின் உச்சியிலிருந்து ப்ளக் சொன்னார். இந்த அஞ்சு நிமிஷத்தை அவர் காலையிலிருந்து நாலாவது தடவையாகச் சொல்கிறார்.

அவர் தலை கூரையில் இடித்துக்கொண்டிருந்தது. இரண்டு கைகளிலும் இரண்டு வயர்கள். சட்டைப் பையில் ஸ்பீக்கர் போட்ட செல்போன். எதிரே, பரணில், டிபன் டப்பா அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி சிவப்பு விளக்கை எரியவிட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது. அதை மாட்டிய நிமிஷத்திலிருந்து குடைக் கம்பெனியின் அந்தக் கிளை முழுவதிலும் இன்டர்நெட் செத்துப்போயிருந்தது.

அட்டைப்பெட்டியில் அதன் பெயர் ஃபயர்வால் என்று போட்டிருந்தது. இன்டர்நெட் வழியாகத் திருடர்கள் அலுவலகக் கம்ப்யூட்டருக்குள் புகுந்துவிடாமல் காவல் காக்குமாம். தலைமை அலுவலகம் அதோடு ஒரு கடிதமும் அனுப்பியிருந்தது. 'இந்த வாரம் ஏதாவது ஒரு நாள், முன்னறிவிப்பு இல்லாமல், எங்கள் ஆள் ஒருவர் உங்கள் கிளைக்குள் புகுந்து பார்ப்பார். புக முடியாவிட்டால் நீங்கள் தேறினீர்கள்.'

தேறினால், ப்ளக் இனிமேல் கம்ப்யூட்டர் பொறுப்பாளர். ஜன்னல் வைத்த தனி அறை. தேறாவிட்டால் பழையபடி குடோன். பதினோரு வருஷமாகக் குடைகளை எண்ணி எண்ணி, தூசியில் தும்மித் தும்மி, அவர் மூக்கு நிரந்தரமாகச் சிவந்துவிட்டது. அந்தக் குடோனுக்குத் திரும்பிப் போவதை நினைத்தாலே அவருக்கு அழுகை வந்தது. போதாக்குறைக்கு, "என் வீட்டுக்காரர் இனிமே ஆபீசர்" என்று அவர் மனைவி சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் சொல்லி முடித்திருந்தாள்.

குடோன்காரருக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். போன வருஷம் பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, குடைக் கணக்கோடு வந்தவர் அதன் ப்ளக்கைச் சொருகிவிட்டுப் போனார். பிரிண்டர் ஓடியது. அன்றிலிருந்து அவர் பெயர் ப்ளக். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

ஏணி கிடைத்ததும் அதிர்ஷ்டம்தான். ஹாலில் ஒரு ட்யூப்லைட் ஆறு மாதமாகக் கண்ணடித்துக்கொண்டிருந்தது. புகார் எழுதி எழுதிக் கை ஓய்ந்த சமயம், காலை பத்தரைக்கு நீலச் சட்டைக்காரர் ஒருவர், தோளில் ஏணியும் கையில் பையுமாக வாசலில் வந்து நின்றார். வருகைப் பதிவேட்டை நீட்டிய ரிசப்ஷன் பெண், ஏணி தலையில் இடித்துவிடுமோ என்று பதிவேட்டோடு ஒதுங்கி வழிவிட்டாள்.

"அப்பாடா, வந்தீங்களா!" என்று ப்ளக் ஓடினார். "ட்யூப்லைட் எங்கயும் ஓடிப்போகாது. முதல்ல அந்த ஏணியைக் குடுங்க."

ஏதோ சொல்ல வாயெடுத்த நீலச் சட்டைக்காரர், அப்புறம் சிரித்துக்கொண்டே ஏணியைக் கொடுத்தார். நல்ல மனிதர். கொடுத்ததோடு நிற்காமல் அதைப் பிடித்துக்கொள்ளவும் செய்தார்.

"மாமா," என்று சட்டைப் பையிலிருந்து மச்சினன் கூப்பிட்டான். இந்த விஷயத்தில் ப்ளக்குக்கு ஒரே துணை அவன்தான். "அந்தப் பெட்டி முதல்ல எல்லாரையும் தடுக்கத்தான் செய்யும். யாரை விடணும்னு நீங்கதான் அதுக்குச் சொல்லணும். கீழ கம்ப்யூட்டர்ல அதோட பக்கத்தைத் திறங்க."

"நான் இங்க வயரைப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன் மாப்ள. விட்டா கழண்டுக்கும்."

"நீங்க மேலயே இருங்க சார்," என்றார் நீலச் சட்டைக்காரர். "நான் தட்டித் தர்றேன். பாஸ்வேர்டு மட்டும் சொல்லுங்க."

"சின்ன எழுத்துல குடை. அதுகூட என் கல்யாணத் தேதி," என்று ப்ளக் கூரையைப் பார்த்துக் கத்தினார். "பதினாலு!"

"தப்புன்னு வருது சார்."

"பதினாறு!"

"அதுவும் இல்ல சார்."

"காலையில வேற என்னமோ சொன்னீங்களே," என்றார் மூலையிலிருந்து கணக்கு மேடம். காலையில் பாஸ்வேர்டு வைத்தபோதும் ப்ளக் கூரையைப் பார்த்துத்தான் கத்தியிருந்தார்.

"பன்னெண்டு!"

பெட்டி பொறுமை இழந்து கால் மணி நேரத்துக்குக் கதவைச் சாத்திக்கொண்டது. மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ப்ளக் சட்டைப் பையைப் பார்த்துக் குனிந்தார்.

"மாப்ள, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன் மாமா. அக்காவும் பக்கத்துலதான் இருக்கா."

ப்ளக்குக்கு ஏணியே ஆடியதுபோல் இருந்தது.

"பத்தொன்பது!" என்றது சட்டைப் பை. அலுவலகம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. "பத்தொன்பது! கல்யாணம் ஆன தேதி! வீட்டுக்கு வாங்க, பேசிக்கலாம்."

"பத்தொன்பது," என்று குறித்துக்கொண்டார் நீலச் சட்டைக்காரர். கணக்கு மேடமும் குறித்துக்கொண்டார், மறுபடி உதவும் என்று.

கால் மணி நேரம் கழித்துப் பெட்டி திறந்தது. திரையில் வரிசையாகக் கட்டங்கள். எதைத் தடுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. எதற்கு வம்பு, பாதுகாப்பாகவே இருக்கட்டும் என்று ப்ளக் எல்லாவற்றிலும் டிக் போடச் சொன்னார்.

"எல்லாத்துலயுமா சார்?" என்று நீலச் சட்டைக்காரர் ஒருமுறைக்கு இருமுறை கேட்டார்.

"ஒண்ணு விடாம!"

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. பிரிண்டர் நின்றது. கடைக்காரர்கள் அதுவரை அனுப்பியிருந்த குடை ஆர்டர்களும் திரையிலிருந்து மறைந்துபோயின. வருகைப் பதிவு மெஷின், விரல் வைத்த அத்தனை பேரையும் யாரென்றே தெரியாது என்றது. மேனேஜர் தன் கம்ப்யூட்டரைப் பத்து தடவை தட்டிப் பார்க்க, 'சந்தேகத்துக்குரிய நபர். தடுக்கப்பட்டார்' என்று திரையில் சிவப்பாக வந்தது.

"யார் சந்தேகத்துக்குரியவன்? நானா?" மேனேஜருக்கு மீசை துடித்தது. "பதினேழு வருஷ சர்வீஸ் எனக்கு! சாயங்காலத்துக்குள்ள இது சரியாகலன்னா, நாளைக்கு நீங்க குடோன்ல மழைக்குடையை எண்ணுங்க!"

ப்ளக்குக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஜன்னல் அறை கண்ணெதிரே மூடிக்கொண்டிருந்தது.

"பதற்றப்படாதீங்க சார்," என்றார் நீலச் சட்டைக்காரர். ட்யூப்லைட்காரருக்கு இவ்வளவு விஷயம் தெரிந்திருக்கிறதே என்று ப்ளக் வியந்தார். "மேனேஜர் சார் சீட்ல உக்காந்து பார்த்தா ஒவ்வொண்ணா விடுவிச்சுடலாம். என்ன, அவரோட பாஸ்வேர்டும் வேணும்."

மேனேஜர் எழுந்து நாற்காலியைத் துடைத்தே கொடுத்தார். தன் பாஸ்வேர்டை மேஜைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த சீட்டில் காட்டினார். "டீ சாப்பிடறீங்களா?"

"சர்க்கரை கம்மியா," என்றார் அவர்.

மூன்றரை மணிக்குப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. பிரிண்டர் ஓடியது, ஆர்டர் வந்தது, வருகை மெஷின் எல்லோரையும் அடையாளம் கண்டுகொண்டது. மேனேஜர்கூடச் சந்தேகத்திலிருந்து விடுதலை ஆனார். ப்ளக் வயர்களைப் பெட்டியோடு சேர்த்துக் கட்டிவிட்டு, ஏணியிலிருந்து இறங்கி நீலச் சட்டைக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கிவிட்டது.

"நீங்க இல்லன்னா நான் செத்தேன் அண்ணே. ட்யூப்லைட்டை நாளைக்குப் பார்த்துக்கலாம். நீங்க களைச்சுப்போய் இருக்கீங்க."

"பெட்டி நல்ல பெட்டி சார்," என்றார் அவர். பையை எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போனார். "ஏணி இங்கயே இருக்கட்டும். உங்களுக்கு உதவும்."

ப்ளக் வீட்டுக்குப் போன் போட்டார். "ஈ காக்கா நுழைய முடியாது, தெரியுமா? ஆபீசர் ஆனதும் முதல் வேலை, உன்னை வெளியில கூட்டிக்கிட்டுப் போறேன்."

"எந்தத் தேதியில?" என்றாள் மனைவி.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் மேஜையில் போன் அடித்தது. "ஆமா சார்... இல்ல சார்... எப்ப சார்?" என்று கேட்கக் கேட்க அவர் முகம் வெளுத்தது. போனை வைத்தார்.

"தலைமை ஆபீஸ். அந்தப் பரிசோதனை ஆளு உள்ள வந்துட்டுப் போயிட்டாராம்."

"எப்ப?"

"இன்னிக்கே. வந்து, எல்லாத்தையும் பார்த்துட்டு, என் கம்ப்யூட்டர்ல ஒரு ஃபைலும் வச்சுட்டுப் போயிருக்காராம்."

தேடிப் பார்த்தார்கள். இருந்தது. 'வந்து போனேன். டீக்கு நன்றி' என்று ஒரே ஒரு வரி.

ப்ளக் பாய்ந்து பெட்டியின் பக்கத்தைத் திறந்தார். வெளியிலிருந்து யார் யார் தட்டினார்கள், யார் யார் நுழைந்தார்கள் என்று அது நிமிஷக் கணக்கில் எழுதி வைத்திருந்தது.

"பாருங்க சார், பாருங்க! ஒருத்தன்கூட நுழையல! பூஜ்யம்!" அவர் குரல் உடைந்தது. "சத்தியமாச் சொல்றேன், இந்தப் பெட்டியைத் தாண்டி யாரும் வரல. எந்த வழியா சார் வந்திருப்பான்?"

எல்லோரும் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தலைக்கு மேலே ட்யூப்லைட் கண்ணடித்தது.

அப்போது வாசலில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர், கையில் நீளமான அட்டைக்குழலோடு, செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று தயங்கியபடி எட்டிப் பார்த்தார்.

"சார், ட்யூப்லைட் மாத்தச் சொல்லி ஆறு மாசமா எழுதிக்கிட்டே இருந்தீங்களாமே, இன்னிக்குத்தான் வர முடிஞ்சுது... ஏணி ஏதாவது இருக்குங்களா?"