கண்ணீர் அஞ்சலிக்கு வெர்ஷன் இரண்டு

உளுந்தூர்பேட்டை

மரியாதைக்குரிய சித்தப்பா இளமாறன் அவர்களுக்கு, தங்களைவிடப் பதினாறு வயது மூத்த மகன் சின்னக்கண்ணு எழுதிக்கொண்டது. இங்கு அனைவரும் நலம். நான் மட்டும் செத்துவிட்டதாக ஊரில் பேச்சு.

பெங்களூரில் உட்கார்ந்து தாங்கள் எழுதி, லினக்ஸ் களஞ்சியத்தில் போட்டுவைத்த பேனர் மென்பொருள்தான் என் கடையில் ஓடுகிறது. தினம் மாறும் சோதனைப் பதிப்பு என்று அப்போதே சொன்னீர்கள். ஓசி என்றதும் நானும் தலையாட்டினேன். மாதிரிக்கு என் படத்தை உள்ளே வைத்தீர்களே, அதுதான் வினை. போட்டோ கொடுக்காதவர்களின் பேனரில் என் மூஞ்சி வருகிறது. போன வாரம் செத்துப்போன பாவாடை என்பவரின் கண்ணீர் அஞ்சலியிலும் வந்தது. அடித்துக் கொடுத்த ராதிகாவைக் கேட்டால், "தெனம் பாக்குற மூஞ்சிதானே, கவனிக்கல" என்கிறாள், கட்டின பெண்டாட்டி! எலவனாசூர்கோட்டையிலிருந்து மணிமொழியைப் பெண் பார்க்க வந்த வேன், ரவுண்டானாவில் அந்தப் பேனரைப் பார்த்து அப்படியே திரும்பிவிட்டது. போன் செய்தேன். "யாரு பேசறது?" என்றார் பையனின் அப்பா. "பொண்ணோட அப்பாங்க." போனை வைத்துவிட்டார். காலில் விழாத குறையாகக் கெஞ்சி, வெள்ளிக்கிழமை மறுபடி வரச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். அதுபோல இன்னொரு பேனர் கண்ணில் பட்டால் சம்பந்தமே வேண்டாமாம்.

நீங்களோ "சரிபண்ணிட்டேன், அப்டேட் குடு மகனே" என்கிறீர்கள். குடுத்துக்கினுதான் இருக்கேன்! புதுசுதான் இருக்குன்னு சாதிக்குது மெஷின். ஏன்? இதுவரைக்கும் அன்னன்னிக்குத் தேதியையே வெர்ஷன்னு வெச்சீங்க, 20250610. மெஷின் அதை ரெண்டு கோடிச் சொச்சம்னு எண்ணுது. சரிபண்ணதுக்கு 2.0ன்னு பேரு. ரெண்டு கோடி வெச்சிருக்கிறவன் ரெண்டை வாங்குவானா? தேதிக்கு முன்னால ஒரு சைபரும் புள்ளியும் போட்டிருந்தா இந்தப் பாடு உண்டா? இப்ப ஒரே வழி, 2.0க்கு முன்னால ஒண்ணு போட்டு முக்காற்புள்ளி வைக்கணுமாம். அப்புறம் மெஷின் வயசைப் பாக்காது, முறையைத்தான் பாக்கும். நேத்துப் பொறந்த உங்களை நான் சித்தப்பான்னு கூப்பிடல? வெச்சா அப்புறம் ஆயுசுக்கும் எடுக்க முடியாதாம், பரவாயில்ல, வைங்க.

சின்னம்மாவுக்கு என் வணக்கம். இப்போதுதான் தவழும் என் தங்கைக்கு ஆசிகள்.

இன்னும் உயிரோடிருக்கும் மகன்,
சின்னக்கண்ணு

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் அப்டேட் வந்துவிட்டது. நான் கேட்குமுன்பே ஒன்று போட்டிருக்கிறீர்கள், என் மூஞ்சி போய் வெறுங்கட்டம் வருகிறது. அந்தச் சந்தோஷத்தில் இருக்கும்போதே தைலம்மாள் என்பவர் வந்தார். கல்வராயன் மலையிலிருந்து கரும்பு வெட்ட வந்தவர். குடிசை எரிந்து கணவர் மாயவன் போய்விட்டார். போட்டோ, ஆதார், எல்லாம் அதிலேயே போயிற்று. மலைச்சனம் பஸ்ஸை விட்டு இறங்கும் ரவுண்டானாவில் பேனர் கட்ட வேண்டுமாம். திரையைப் பார்த்தவர், "இன்னாங்க, காலியா கீது? மாலையை எதுக்குப் போடுறது? யாரு மூஞ்சியாச்சும் வைங்க சாமி" என்று அழுதார். வேறு யார் மூஞ்சியை நான் போய்க் கேட்பேன்? இரண்டைக் கழற்றிவிட்டு பழைய இரண்டு கோடியையே திரும்ப ஏற்றி, என் மூஞ்சியோடு அடித்துக் கொடுத்தேன். மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். வெள்ளிக்கிழமையும் அது அங்கேதான் தொங்கும். மணிமொழியிடம் சொன்னேன். "இருக்கட்டும்ப்பா" என்றாள்.