வீட்டில் குடித்த பாலுக்கு விலை

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே மாடுகள் நலம், கோழிகள் நலம், புதிதாகப் பிறந்த கன்றுக்குட்டி ரொம்பவே நலம். மனிதர்களைப் பற்றி மட்டும் கேட்காதே. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் அங்கே நிம்மதியாக இருப்பீர்கள். இருக்காமல் என்ன, வினையை மூட்டை கட்டி இங்கே அனுப்பிவிட்டாயே.

உன் அலுவலகத்திலிருந்து நீ அனுப்பிய புள்ளிவிவரக்காரர் வந்து சேர்ந்தார். கண்ணாடி, குடை, தோளில் ஒரு பை. நல்ல பிள்ளைதான், ஒரு குறை சொல்ல முடியாது, சாப்பிட்ட தட்டைக்கூட அவரே கழுவுகிறார். நான் 'புள்ளி சார்' என்று பேர் வைத்துவிட்டேன், அவரும் திரும்பிப் பார்க்கிறார். வந்த அன்றே, "நாற்பது வருஷமா இந்தப் பண்ணையில எவ்வளவு பால், எவ்வளவு முட்டை, எவ்வளவு எரு கிடைச்சது, அந்தந்த வருஷ விலைக்கு அது எவ்வளவு பெறும்னு மதிப்பிடணும்" என்றார். இதற்கு, போன வருஷம் அடித்த காற்று எவ்வளவு என்று கேட்டிருக்கலாம். ஆனால் உன் அத்தானுக்கு ஒரே கொண்டாட்டம். அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒருவர் கேள்வி கேட்டு எத்தனை காலம் ஆகிறது! வருஷம் அவருக்குத் தெரியாது, மாடு தெரியும். "அது வளைஞ்ச கொம்புக்காரி முதல் ஈத்துக்கு நின்ன வருஷம்" என்பார். விலை தெரியாது, சோப்பு தெரியும். "ஒரு வேளைப் பால் வித்த காசுல ஒரு சோப்பு வாங்கலாம், மீதிக்குத் தீப்பெட்டி தருவான்" என்பார். புள்ளி சார் சோப்பிலிருந்து பால் விலையைப் பிழிந்து எடுத்து எழுதிக்கொள்வார். கொழுந்தனாரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அண்ணனும் தம்பியும் தோளோடு தோள் இடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் சந்தோஷத்தில் எல்லோருக்கும் முட்டை பொரித்துக் கொடுத்தேன். அதோடு விட்டிருக்கக் கூடாதா புள்ளி சார்?

"வித்தது சரி. வீட்டுல குடிச்சது எவ்வளவு?" என்று கேட்டார்.

"குடிச்சதுக்கு என்ன சார் கணக்கு? குடிச்சது போச்சு" என்றார் உன் அத்தான்.

"அப்படி இல்லீங்க. வீட்டுல குடிச்சாலும் அது உற்பத்திதான். வெளியே வித்திருந்தா என்ன விலையோ, அந்த விலையைப் போட்டுடணும்."

தம்பி, வைக்கோல் போரில் நெருப்பை வைத்துவிட்டுப் பேனா மூடியைத் தேடிக்கொண்டிருக்கிறார் உன் ஆள். கொழுந்தனார் பாலைத் தொடமாட்டார், அது உனக்கும் தெரியும். சின்ன வயதிலிருந்தே கருப்புத் தேநீர்தான். அவர் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அப்ப, நான் இத்தனை வருஷமா குடிக்காத பாலுக்கு விலை இருக்கா?"

"கட்டாயம் இருக்கு" என்றார் புள்ளி சார். அதில் ஒரு பெருமை வேறு.

"கேட்டியா அண்ணே? உன் வீட்டுல ஆறு வாய். என் வீட்டுல மூணு. அதுலயும் என் வாய் பால் பக்கமே போகல."

"முட்டைப் பக்கம் போச்சேடா! வெள்ளைக்கோழி இட்டது பூரா யார் வயித்துல இருக்கு? எரு எங்க போச்சு? உன் கத்திரிச் செடி சும்மாவா அந்தக் கொழுப்புக் கொழுத்துச்சு?"

"பங்கெல்லாம் எங்களுக்கு வேண்டாங்க, மொத்தம் தெரிஞ்சா போதும்" என்று புள்ளி சார் கையைப் பிசைந்தார். யார் காதில் விழுகிறது?

அன்றிலிருந்து இது வீடா, எடை போடும் இடமா என்று எனக்கே தெரியவில்லை. என் மகன் டம்ளரை எடுத்தால் கொழுந்தனார் இருமுகிறார். கொழுந்தனார் முட்டையை உடைத்தால் உன் அத்தானுக்குத் தும்மல் வருகிறது. கொழுந்தனார் மனைவி, அதுதான் நம் சின்னவள், தேநீருக்குப் பால் வாங்க வந்தவள் கோடு போட்ட கண்ணாடிக் குவளையை நீட்டினாள். "என்னடி இது?" என்றேன். "கோடு வரைக்கும்தான் வாங்கணுமாம் அக்கா, அவர் சொல்லி அனுப்பினார்" என்றாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பால் கோட்டைத் தொட்டபோது சிரிப்பு வரவில்லை. இதற்கு நடுவே, கன்று குடிப்பதையும் மதிப்பிடலாம் என்று உன் ஆள் வாயை விட்டுவிட்டார். அது யார் பங்கில் குடிக்கிறது என்று ஒரு சண்டை. சண்டை முடியும்வரை அது கட்டிக் கிடந்து கத்தியது. நான்தான் போய் அவிழ்த்துவிட்டேன். பூனைக்கு விஷயம் புரிந்துவிட்டது போல, இரண்டு நாளாக ஆளைக் காணோம்.

இப்போது விளையாட்டை விட்டுச் சொல்கிறேன், கேள். கொட்டகைக்கு நடுவில் சுவர் எழுப்பப் போகிறார்கள். செங்கல் இறங்கிவிட்டது, வெள்ளிக்கிழமை கொத்தனார் வருகிறார். மாடு ஆளுக்குப் பாதி, இதுவரை ஒன்றாக இருந்த பால் கேன் இனி ஆளுக்கு ஒன்று. பால் வண்டிக்காரரிடம் கேட்டுப் பார்த்தேன். "நிறைஞ்ச கேனுக்குத்தான் அக்கா வண்டி நிக்கும். அரைக் கேனுக்கு நிறுத்தினா என் வேலை போயிடும்" என்கிறார். ஒருவர் கேனில் மற்றவர் ஊற்றமாட்டாராம், சத்தியம் செய்திருக்கிறார்கள். விற்காத பாலை எத்தனை நாள் வைத்திருப்பது? மாடுகளை ஒவ்வொன்றாகச் சந்தைக்கு ஓட்டிவிடுவார்கள். பிறகு நாங்கள் ஒன்பது பேரும் எதைத் தின்பது, சுவரையா?

அதனால் நீ ஒன்று செய். அலுவலகத் தாளில், முத்திரை குத்தி, 'வீட்டில் குடித்த பாலுக்கு விலை பூஜ்யம்' என்று ஒரே ஒரு வரி எழுதி அனுப்பு. உன் அத்தான் நான் சொன்னால் நம்பமாட்டார், முத்திரை சொன்னால் நம்புவார். உன் ஆளிடம் கெஞ்சியாயிற்று. "விதிமுறையில இடமில்லையே அக்கா" என்கிறார். விதிமுறையா வந்து கறக்கிறது? அடுத்த பேருந்தில் அவரைத் திரும்ப அழைத்துக்கொள். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். நீ அவ்வளவு படித்துப் பெரிய அதிகாரியானது அக்கா வீட்டில் சுவர் வைக்கத்தானா?

உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். உனக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த செல்வமும் உண்டாகட்டும், முத்திரையோடு கடிதம் வந்த பிறகு.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: முத்திரையும் வேண்டாம், கித்திரையும் வேண்டாம். பசை காய்ந்து கிடந்ததால் இதை ஒட்டாமல் வைத்திருந்தேன், நல்லதாகப் போயிற்று. புள்ளி சார் செலவுக் கணக்குக்கு வந்தார். புண்ணாக்கு, கயிறு, மருந்து எல்லாம் கேட்டு முடித்து, "கறந்தது, சாணி அள்ளினது யாரு?" என்றார். "வீட்டுப் பொம்பளைங்கதான், வேற யாரு" என்றார் உன் அத்தான். "அப்ப அவங்க கூலியையும் போட்டுடணும். வெளியாளுக்கு என்ன கூலியோ, அதேதான்." சின்னவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்துகொண்டாள். நானும் உட்கார்ந்தேன். கூட்டி, கழித்துப் பார்த்தால் அண்ணனுக்கும் மிச்சமில்லை, தம்பிக்கும் மிச்சமில்லை, இரண்டு பேரும் எங்களுக்குத்தான் பாக்கி. சுவர் வைக்க வந்த கொத்தனாரை நாங்கள் சும்மா திருப்பி அனுப்பவில்லை. நாங்கள் வழுக்கி வழுக்கி விழுந்த கொட்டகைத் தரையில் அந்தச் செங்கலைப் பாவச் சொல்லிவிட்டோம். கேன் பழையபடி ஒன்றுதான், வண்டி நிற்கிறது. உன் ஆள் இன்னும் ஒரு மாதம் இங்கேயே இருக்கட்டும், கூலியை மட்டும் கொஞ்சம் தாராளமாகப் போடச் சொல். பாக்கியைக் கழிக்க இன்று காலை அண்ணனும் தம்பியும் கறக்க உட்கார்ந்தார்கள். ஆளுக்கு ஒரு உதை கிடைத்தது. பங்கில் ஒரு குறையும் இல்லை.