களைப்பே அறியாத பல் டாக்டர்

களைத்துப் போகிறவர்களால் உலகத்துக்கு ஒரு தொந்தரவும் இல்லை. மூச்சு வாங்கினால் உட்கார்வார்கள், தண்ணீர் குடிப்பார்கள், எழுந்து போவார்கள். களைத்ததை ஒப்புக்கொள்ளாத ஓர் இனம் இருக்கிறதே, அதோடு ஒரு நாள் சைக்கிளில் கிளம்பிப் பாருங்கள், தெரியும்.

அந்த இனத்துக்கு உத்தம உதாரணம் நம் பல் டாக்டர். வாயைப் பிளந்து கிடப்பவர்களிடம் "வலிக்கவே வலிக்காது" என்று காலை முதல் மாலை வரை சொல்லிச் சொல்லி, வலி என்பதே அடுத்தவர்கள் கிளப்பிவிடும் புரளி என்ற முடிவுக்கு வந்துவிட்டவர். ஐம்பதை நெருங்கிய வயதில், ஏரிகளைச் சுற்றி, காட்டைக் கடந்து, பொழுது சாய்வதற்குள் அந்தப் பக்கத்து விடுதிக்குச் சைக்கிளிலேயே போய்ச் சேர்வதென்று ஒரு விடுமுறையில் தீர்மானித்தார். கூட வந்தவர் அவர் மனைவி. நூலகர். தினமும் வேலைக்குச் சைக்கிளில் போய் வருகிறவர்; அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை.

"மாமா, ஏரிக்கரை சமமா இருக்கும். காட்டுக்குள்ள பயங்கர ஏத்தம். கொஞ்சம் பழகிட்டுப் போங்களேன்" என்றான் மச்சினன்.

"நீ உங்க அக்காவைப் பத்திக் கவலைப்படு" என்றார் டாக்டர்.

முதல் ஏரியை, கரையில் நின்ற வாத்துகள் கழுத்தைத் திருப்பிப் பார்க்கும் வேகத்தில் கடந்தார். இரண்டாவது ஏரியில் சட்டென்று நின்றார்.

"அந்தப் பறவையைப் பாத்தியா?"

"எந்தப் பறவை?"

"பறந்துடுச்சு."

பறந்த பறவை குஞ்சு பொரித்துத் திரும்பி வரும் அளவுக்கு அங்கே நின்றுவிட்டு, மறுபடி ஏறி, ஒரு வளைவு தாண்டியதும் இறங்கி, டயரை அமுக்கிப் பார்த்தார்.

"காத்து இறங்கின மாதிரி இருக்கு."

"யாருக்கு?" என்றார் மனைவி.

அதற்கப்புறம் புகைப்படம் எடுக்க நின்றார், வரைபடம் பார்க்க நின்றார், நாடாவே இல்லாத ஷூவுக்கு நாடா கட்ட நின்றார். இவை தீர்ந்ததும், "நீ தண்ணி குடி, உனக்காகத்தான் நிக்கிறேன்" என்று நிற்கத் தொடங்கினார். குடித்துக் குடித்து அந்த அம்மாள் வயிற்றுக்குள்ளேயே மூன்றாவது ஏரி உருவாகியிருந்தது.

காடு வந்தது. ஏற்றமும் வந்தது. மச்சினன் பொய் சொல்லவில்லை. பாதி மேட்டில் டாக்டர் இறங்கி ஒரு மரத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார்.

"இது என்ன மரம் தெரியுமா?"

மனைவி பதில் சொல்ல வாயெடுத்தவர், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். உதடு வெளுத்திருந்தது. அன்று முழுவதும் வராத பயம் அப்போது வந்தது. "உட்காருங்க" என்றார். "எதுக்கு?" என்றார் டாக்டர், நின்றபடியே.

அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து ஒரு வேன் வந்தது. விடுதியில் வெந்நீர் வரவில்லை என்று போகிற குழாய் ரிப்பேர்க்காரருடையது. கணவருக்காகக் கேட்டால் அவர் செத்தாலும் ஏறமாட்டார் என்று மனைவிக்குத் தெரியும்.

"எனக்கு முடியலைங்க. காலு இழுத்துக்கிச்சு. வேன்ல போயிடலாமா?"

"உனக்கு முடியலைன்னா சரி" என்றார் டாக்டர், தாமதமே இல்லாமல். "நான் மட்டும்னா ஓட்டிடுவேன்."

கால் இழுத்துக்கொண்ட அந்த அம்மாள்தான் இரண்டு சைக்கிள்களையும் தூக்கிக் குழாய்களுக்கு நடுவே படுக்க வைத்தார். "மெதுவா, மெதுவா" என்று டாக்டர் மேற்பார்வை பார்த்தார்.

உட்கார்ந்ததும் முகத்துக்கு நிறம் திரும்பியது. கூடவே பேச்சும் திரும்பியது. நிறத்தோடு நின்றிருக்கக் கூடாதா?

"பொம்பளைங்களுக்கு இந்த ஏத்தமெல்லாம் ஒத்துவராதுங்க. நான் அப்பவே சொன்னேன்" என்றார் ரிப்பேர்க்காரரிடம்.

"வண்டியைக் கொஞ்சம் நிறுத்துங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. மனைவி இறங்கினார், தன் சைக்கிளை இறக்கினார், ஏறி உட்கார்ந்தார்.

"என்ன இது? உன் காலு?"

"சரியாயிடுச்சு" என்று சொல்லிவிட்டு, அந்த மேட்டில் நிதானமாக மிதித்துப் போனார்.

"உங்க சைக்கிளையும் இறக்கட்டுங்களா?" என்றார் ரிப்பேர்க்காரர்.

டாக்டர் மேட்டைப் பார்த்தார். முட்டியைத் தடவினார்.

"வேணாங்க. நீங்க தனியாப் போவீங்களே, பாவம்."

விடுதி அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி நாற்காலியில் சாய்ந்து வெகு நேரம் கழித்து மச்சினனின் போன் வந்தது. "எப்படி மாமா இருந்துச்சு?"

"அருமை! நான் வந்து ரொம்ப நேரமாச்சு. உங்க அக்காவைத்தான் இன்னும் காணோம்."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

கதவு தட்டப்பட்டது. டாக்டர் எழுந்தார். அதாவது, எழ நினைத்தார். இடுப்புக்குக் கீழே இருந்தவை எதுவும் அந்த நினைப்பில் பங்குகொள்ளவில்லை. கையை ஊன்றிப் பார்த்தார். மேஜையைப் பிடித்துப் பார்த்தார். மேஜைதான் இவர் பக்கம் வந்தது. மறுபடியும் தட்டல். நிற்க ஆயிரம் காரணம் வைத்திருந்தவரிடம் உட்கார்ந்தே இருக்க ஒரு காரணம்கூட இல்லை. காட்டுவதற்குப் பறவையும் இல்லை.

"எழுந்திருக்க முடியல" என்றார் மெல்ல.

"என்ன? கேக்கல."

"என்னால எழுந்திருக்க முடியல!"

"இன்னொரு தரம் சொல்லுங்க."

சொன்னார். கதவு திறந்தது. மேனேஜரிடம் வாங்கிய மாற்றுச் சாவி முதலிலிருந்தே அந்த அம்மாள் கையில்தான் இருந்தது.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் போன வாரம் மாடிப்படியின் பாதியில் நின்று, யாருமே கூப்பிடாத கைப்பேசியை எடுத்து அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தீர்களே, அதில் அப்படி என்னதான் வந்திருந்தது?