மெத்தையில் படுத்த ஏணி

ஒரு காட்டில், புதருக்குள் குடியிருப்பது கௌரவக் குறைச்சல் என்று பாதிப் பேர் நினைக்க ஆரம்பித்திருந்த சமயத்தில், மாசிலாமணி என்று ஒரு காட்டுப்பன்றி இருந்தார். சொந்தமாகக் கேரவன் வைத்திருப்பவரை ‘அது’, ‘இது’ என்று பேசினால் அந்தக் காட்டில் கோபித்துக்கொள்வார்கள். ஆகவே ‘இருந்தார்’ என்றே வைத்துக்கொள்வோம்.

கேரவன் என்றால் சக்கரம் வைத்த வீடு. உள்ளே ஒரு மெத்தை, ஒரு அடுப்பு, ஒரு ஜன்னல். பூர்வீகப் புதரை ஒரு நரியிடம் கொடுத்துவிட்டு இதை வாங்கியிருந்தார். காடு காடாகச் சுற்றிப் பார்ப்பதாகத் திட்டம். ஆனால் வண்டியை இழுக்க ஒப்புக்கொண்ட காட்டெருமைக்கு முதல் நாளே இடுப்புப் பிடித்துக்கொண்டது. நாலு வருஷத்தில் கேரவன் போன மொத்தப் பயணம், நாவல் மரத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்.

அதுகூடப் பரவாயில்லை. கூரை ஒழுகியது. புளியங்கொட்டை அளவு ஒரு விரிசல்தான், ஆனால் அது சரியாக மெத்தைக்கு மேலே, அதிலும் அவர் மனைவி பூங்கோதை படுக்கிற பக்கமாகப் பார்த்து விழுந்திருந்தது. பூங்கோதை நிறைமாதமாக இருந்தாள்.

“ஏங்க, வயித்துல ஆறோ ஏழோ இருக்கு,” என்றாள் ஒரு நாள். “பத்து நாள்ல மழை பிடிச்சுக்கும்னு தவளைங்க சொல்லுது. என் குட்டிங்க மேல ஒரு சொட்டு விழட்டும், நான் எங்கம்மா புதருக்குப் போயிடுவேன். அப்புறம் நீங்க இந்தச் சக்கரத்தோட குடும்பம் நடத்துங்க.”

பூங்கோதை இல்லாமல் மாசிலாமணிக்கு ஒரு வேளை கிழங்குகூட இறங்காது. அதோடு, கேரவன் வந்த அன்றே மாமியார், “உருண்டு போற வீட்டுல எந்தக் குடும்பம் உருப்படும்?” என்று கேட்டிருந்தார். மாமியார் சொன்னது பலித்துவிட்டால் காட்டில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

நாவல் மரத்தில் குடியிருந்த அணில் தெய்வானை இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நல்லவள், அஞ்சு பிள்ளைகளின் தாய். “அண்ணே, இதுக்குப் போயா இவ்வளவு யோசனை?” என்றாள். “விரிசல் அடைக்கற பசை டப்பா ஒண்ணைத் திறந்து வைங்க. வாலைத் தொட்டு ஒரு இழுப்பு இழுத்துட்டு வந்துடறேன். அடுப்புல வச்ச பால் பொங்கறதுக்குள்ள முடிஞ்சிரும்.”

இங்கேயே கதை முடிந்திருக்க வேண்டும். பழைய கதைகளில் முடிந்தும் இருக்கும். சிறியவர்களின் உதவியைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டு எல்லோரும் சாப்பிடப் போயிருக்கலாம்.

ஆனால் மாசிலாமணி தலையை ஆட்டினார். “இன்னைக்கு நீ ஏறுவ, சரி. நாளைக்கு மேல ஒரு ஆணி கழலும், நாளன்னைக்கு இலை அடைக்கும். ஒவ்வொரு தடவையும் உன் மரத்தடியில வந்து நின்னு கூப்பிட முடியுமா தெய்வானை? கேரவன் வச்சிருக்கறவனுக்குன்னு சொந்தமா ஒரு ஏணி வேணும்.”

உண்மையைச் சொன்னால், ஏணி ஆசை அவருக்கு அன்றைக்கு வந்ததில்லை. எத்திராஜ் என்கிற கருங்குரங்கு செல்போனில் ஏணிகளைப் பற்றி வீடியோ போட்டுக்கொண்டிருந்தான். காட்டில் லட்சம் பேர் அவனைப் பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து எத்திராஜின் கால் ஒரு ஏணியில் பட்டதில்லை, படவேண்டிய அவசியமும் இல்லை. கிளையில் வாலைச் சுற்றித் தலைகீழாகத் தொங்கியபடியே பேசுவான். அவனைவிட ஏணியை நடுநிலையாகப் பார்க்க யாரால் முடியும் என்று மாசிலாமணி நினைத்தார்.

“வணக்கம் நண்பர்களே,” என்பான் எத்திராஜ். “கேரவனுக்கு ஏணி வாங்கறப்ப ரெண்டே ரெண்டு விஷயம்தான் பார்க்கணும். உள்ளே அடங்குதா? உங்களைத் தாங்குதா? இதுல ரெண்டும் சேர்ந்த ஏணி இன்னும் பொறக்கல.”

மாசிலாமணி நாற்பத்தோரு வீடியோ பார்த்தார். தாங்குகிற ஏணியெல்லாம் கேரவனைவிட நீளமாக இருந்தது. அதை வைக்க இன்னொரு கேரவன் வாங்க வேண்டும். மடக்குகிற ஏணி மூன்று மடிப்பு மடித்தும் கதவுக்குள் நுழையாது. மிச்சமிருந்தது ஒன்றுதான். இழுத்தால் ஒன்பது அடி நீளும், அழுத்தினால் முழங்கால் உயரத்துக்கு அடங்கிவிடும். நீளும்போது ஒவ்வொரு படியாக ‘டக், டக், டக்’ என்று சத்தம் வரும். அந்தச் சத்தத்தில் அவர் மனதைப் பறிகொடுத்தார். அடுப்பில் கிழங்கு கருகுவதுகூடத் தெரியாமல் அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அது தாங்குகிற எடை நூறு கிலோ. மாசிலாமணியின் எடை நூற்று நாலு.

“நாலு கிலோதானே,” என்றார். “ஏணியைக் கூட்ட முடியாது. நான் குறையலாம்.”

பூங்கோதை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “நாலு வருஷமா குறையாததா பத்து நாள்ல குறையப் போகுது?”

வாங்குவதற்கு முன்னால் ஏணியை நிஜமாகவே பயன்படுத்துகிறவர் யாரையாவது கேட்டுவிடுவது நல்லது என்று அவருக்குத் தோன்றியது. காட்டில் அப்படி ஒருவர்தான் இருந்தார், நீலமேகம் என்கிற ஆமை. போன வருஷம் ஒரு பாறையில் ஏணியைச் சாத்தி ஏற ஆரம்பித்தவர். மாசிலாமணி போனபோது மூன்றாவது படியில் இருந்தார்.

“அண்ணே, ஏணி எப்படி இருக்கு?”

“இப்பவே ஒண்ணும் சொல்றதுக்கில்ல தம்பி. பாதிகூட வரலையே.”

“ஆடுதா?”

“ஆடற அளவுக்கு நான் ஏறல.”

“மேல என்னண்ணே வேலை?”

நீலமேகம் கழுத்தை வெளியே நீட்டி வெகுநேரம் யோசித்தார். “ஏற ஆரம்பிச்சப்ப ஞாபகம் இருந்துச்சு,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க. ஏணியை மழையில மட்டும் விட்டுடாதீங்க. பாழாப் போயிடும்,” என்றார்.

அனுபவஸ்தரே சொல்லிவிட்டார் என்று மாசிலாமணி அன்றைக்கே ஏணிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார். போகிற வழியில் தெய்வானையையும் நிறுத்தி, எத்திராஜின் வீடியோக்களை அவள் போனுக்கும் அனுப்பி வைத்தார். “நீயும் பாரு. ஏறறதுன்னா என்னன்னு நமக்கு இவ்வளவு நாளாத் தெரியவே தெரியாது.”

நாலாம் நாள் ஏணி வந்து இறங்கியது. கூடவே ஒரு புத்தகம். தவளை மொழி உட்பட பதினோரு மொழிகளில் எச்சரிக்கை இருந்தது. உத்தரவாத அட்டையில் எடை என்ற கட்டத்தைப் பார்த்ததும் மாசிலாமணி அதன் மேல் ஒரு கிழங்கை வைத்து மறைத்துவிட்டு மற்றதையெல்லாம் நிரப்பினார். ஏணியை ஈரம் படாமல், வெயில் படாமல், சமமான மெத்தென்ற இடத்தில் படுத்தாற்போல் வைக்க வேண்டும் என்று புத்தகம் சொன்னது. இல்லாவிட்டால் உத்தரவாதம் செல்லாது.

கேரவனில் சமமாகவும் மெத்தென்றும் ஒரே ஒரு இடம்தான் உண்டு. மாசிலாமணி படுக்கிற பக்கம்.

“அப்ப நீங்க எங்க படுப்பீங்க?” என்று கேட்டாள் பூங்கோதை.

“நான் கீழ படுத்துக்கறேன். இன்னும் ஆறு நாள்தானே.”

காட்டுப்பன்றிகளுக்குப் பகலில்தான் தூக்கம். அன்றைக்கு உச்சி வெயிலில் பூங்கோதை புரண்டு படுத்தாள், முகத்தில் சில்லென்று ஏணி இடித்தது. எழுந்து உட்கார்ந்து, தரையில் குறட்டை விடுகிற புருஷனையும் பக்கத்தில் தலையணையோடு படுத்திருக்கிற ஏணியையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்மா வீட்டுக்கு எடுத்துப்போக ஒரு மூட்டையைக் கட்டிக் கதவோரம் வைத்தாள். மாசிலாமணி விழித்ததும் முதலில் அந்த மூட்டையைத்தான் பார்த்தார்.

அன்றிலிருந்து பட்டினி. முதல் நாள் கிழங்கை நிறுத்தினார். இரண்டாம் நாள் காளானையும் நிறுத்தினார். மூன்றாம் நாள் மூட்டையைப் பார்க்கப் பார்க்கக் கவலை ஏறியது. கவலை வந்தால் அவருக்குப் பசிக்கும். நாலாம் நாள் ஓடைக்கரையையே உழுதுவிட்டு வந்தார். எடை பார்த்தால் நூற்று ஆறு.

பூங்கோதை எச்சரித்ததிலிருந்து எட்டாம் நாள் காலையில் மேகம் திரண்டது. தவளைகள் சொன்னதற்கு இரண்டு நாள் முன்னதாகவே. பூங்கோதைக்கும் வலி எடுத்துவிட்டது.

“ஏங்க,” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. “ஏணியும் வேணாம், கீணியும் வேணாம். போய்த் தெய்வானையைக் கூப்பிடுங்க.”

மாசிலாமணி மானத்தைத் தூக்கி ஒரு ஓரம் வைத்துவிட்டு நாவல் மரத்துக்கு ஓடினார். அண்ணாந்து கூப்பிட்டார். பதில் கீழேயிருந்து வந்தது. தெய்வானை அஞ்சு பிள்ளைகளோடு வேர்ச் சந்தில் உட்கார்ந்திருந்தாள்.

“ஏம்மா, இங்க என்ன பண்ற?”

“குடி மாறிட்டோம் அண்ணே. நீங்க அனுப்பின வீடியோவெல்லாம் பார்த்தேன். அந்த ஒம்பதாவது பார்த்தீங்களா, எத்தனை பேர் விழறாங்க? கிளையில போய்ப் பிள்ளைங்களை வச்சிருந்தேனேன்னு ஈரக்குலையே நடுங்கிப்போச்சு.”

“அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். அண்ணிக்கு வலி வந்துடுச்சு. ஒரு இழுப்புன்னியே, அந்த ஒரே ஒரு இழுப்பு.”

தெய்வானையின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “ஏறறப்ப எப்பவும் மூணு இடத்துல பிடிமானம் இருக்கணுமாம் அண்ணே. ஒரு கையில டப்பா, வால்ல பசை. வாலைக் கணக்குல சேர்க்கலாமான்னு எத்திராஜ்கிட்ட கேட்டுப் போட்டிருக்கேன். இன்னும் பதில் வரல. வந்ததும் ஓடி வந்துடறேன்.”

அதற்குள் பெரிய பெரிய சொட்டாக விழ ஆரம்பித்தது. மாசிலாமணி திரும்பி ஓடினார். கேரவனுக்குள் விரிசல் வழியாகத் தண்ணீர் கயிறு மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. பூங்கோதை மூட்டையோடு வாசலில் நின்றிருந்தாள். அவர் அவளைத் தடுத்திருக்க வேண்டும், அல்லது மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கால் தானாக உள்ளே போய், தன் போர்வையை எடுத்து ஏணியின் மேல் நன்றாகப் போர்த்தியது. ஓரமாகக் கிடந்த தார்ப்பாயையும் மேலே போட்டுச் செருகியது. பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கு உறைத்தது. வெட்கத்தில் மனைவி முகத்தைப் பார்க்க முடியாமல், சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல்லைச் சரி பார்ப்பதுபோல் வண்டிக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டார்.

கொஞ்ச நேரம் அங்கேயே கிடந்தார். பிறகு முதுகைத் தடவிப் பார்த்தார். ஈரம் இல்லை. சுற்றிலும் மழை சுவர் மாதிரி இறங்குகிறது, அடியில் மண் வெதுவெதுப்பாக இருந்தது. கேரவனைச் செய்தவன் கூரையில் விட்ட கவனத்தையெல்லாம் தரையில் போட்டு இரும்புத் தகடாக அடித்திருந்தான். உள்ளே விழுந்த தண்ணீர் கதவு வழியாக அந்தப் பக்கம் வழிந்து போய்க்கொண்டிருந்தது.

“பூங்கோதை,” என்று கூப்பிட்டார். “கொஞ்சம் இங்க வாயேன்.”

அவள் குனிந்து பார்த்தாள். மூக்கை நீட்டி மண்ணை முகர்ந்தாள். மூட்டையைக் கீழே வைத்தாள். உள்ளே தவழ்ந்து வந்து, நாலு முறை மண்ணைப் பறித்து, சுற்றி வந்து படுத்தாள். “ஏங்க,” என்றாள். “நாலு வருஷத்துல இன்னைக்குத்தான் எனக்கு உடம்பு நிம்மதியாச் சாயுது.”

மழை விடுவதற்குள் ஏழு குட்டிகள். ஒன்றின் மேலும் ஒரு சொட்டு விழவில்லை. மாசிலாமணி ஒவ்வொன்றாக எண்ணினார், மறுபடி எண்ணினார், அழுதார்.

மூன்றாம் நாள் மாமியார் பார்க்க வந்தார். பேரப்பிள்ளைகளைப் பார்த்தார், மண் குழியைப் பார்த்தார், காய்ந்த சருகைக் கிளறிப் பார்த்தார். “நம்ம புதர் மாதிரியே இருக்கே மாப்பிள்ளை,” என்றார் திருப்தியோடு. பிறகு அண்ணாந்து, “மேல யாரு இருக்கா?” என்று கேட்டார்.

“ஏணி இருக்குங்க அத்தை.”

“தனியாவா?”

“ஆமாங்க அத்தை.”

“பாவம்,” என்றார் மாமியார்.

சாயங்காலம் எத்திராஜிடமிருந்து ஒரு படிவம் வந்தது. ஏணி எப்படி இருக்கிறது என்று எழுத வேண்டும். பொய் எழுத மாசிலாமணிக்கு மனம் வரவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதி, ஐந்து நட்சத்திரமும் போட்டார். ‘இந்த ஏணியை வாங்கினோம். ஒழுகல் தொல்லை அடியோடு தீர்ந்தது. கடும் மழையிலும் எங்கள் குடும்பத்தில் ஒருவர்கூட நனையவில்லை. மனைவி அம்மா வீட்டுக்குப் போகவில்லை. மாமியாருக்கும் பிடித்திருக்கிறது.’

அடுத்த மழைக்குள் காட்டில் கேரவன் வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு ஏணி வாங்கிவிட்டார்கள். தெய்வானையும் ஒன்று வாங்கி நாவல் மரத்தில் சாத்தி வைத்திருக்கிறாள். முதல் படியில் நின்றுகொண்டு, வாலைப் பற்றி எத்திராஜ் பதில் எழுதுவதற்காகக் காத்திருக்கிறாள்.

நீதி: வீடு ஒழுகினால் தயங்காமல் நல்ல ஏணியாகப் பார்த்து வாங்கி, அதை வீட்டில் குடிவைத்துவிட்டு வெளியேறுங்கள், அப்புறம் ஒழுகினால் ஏணி பார்த்துக்கொள்ளும்.