தண்ணீர் ஊற்றி வளர்த்த வீடு

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், எழுத்துப்பிழையும் இருக்கும்.

ஆம்பூர் பக்கத்தில் எங்கள் டிரம் மேஸ்திரியைப் போல ஓர் அறிவாளி பிறந்ததில்லை. இன்னொருவர் பிறந்திருந்தால் ஊர் காலியாகியிருக்கும்.

தோல் பதனிடும் ஷெட்டில் தோல்களைப் போட்டுச் சுழற்றும் பெரிய மர டிரம்களுக்கு அவர்தான் வைத்தியர். பலகை காய்ந்து இடுக்கு விட்டால் நாங்கள் பதறுவோம். அவர் அசையாமல், "தண்ணி ஊத்துப்பா. மரம் ஊறுனா தானா சேந்துக்கும்" என்பார். சேர்ந்துகொள்ளும். உலகத்தில் எல்லாமே அப்படித்தான் என்று முடிவு கட்டிவிட்டார்.

ஒரு வருடம் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர் ஷெட்டுக்குக் காலண்டர் கொடுத்தார். டிசம்பர் பக்கத்தில் பனிக்கு நடுவே, முழு மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய ஒரு வீடு. மேஸ்திரி அதைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எங்களுக்கு அந்த வருடம் டிசம்பரே கிடையாது.

தார் ரோடு உருகுகிற எங்கள் ஊருக்குப் பனிவீடு எவ்வளவு அவசியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்த ஓட்டு வீட்டை இடித்தார். அணைக்கட்டு ஊரிலிருந்து டிராக்டரில் தைலமரக் கட்டைகள் வந்து இறங்கின. "யாரு போய்ட்டாங்க?" என்று ஒரு பெரியவர் மாலையோடு வந்துவிட்டார்.

கட்டைகளின் முனையைச் செதுக்கி, ஒன்றை ஒன்று கவ்வும்படி அடுக்கினார். ஒரு ஆணிகூட அடிக்கவில்லை.

சித்திரை வந்தது. பச்சைக் கட்டைகள் காய்ந்து சுருங்கின. இடுக்குகளில் கை நுழைந்தது. அவர் வீட்டில் என்ன குழம்பு என்பது தெருவுக்கே தெரிந்தது. ஷெட்டில் கழித்த தோல் துண்டுகளை இடுக்குகளில் அடைத்தார். மறுநாள் தெரு நாய் ஒன்று தோஸ்துகளையும் கூட்டிவந்து சுவரைத் தின்றுவிட்டுப் போனது.

அவர் மனைவி பையைத் தூக்கினார். நான் அவரை அக்கா என்பேன்.

"இன்னாய்யா வூடு இது? உள்ள நான் பொடவ மாத்துனா, வெளிய காய்கறி வண்டிக்காரன் வெக்கப்பட்டுத் திரும்பிக்கிறான். ஒரு பொத்தல் இல்லாம பண்ணிட்டு சொல்லு, வர்றேன்."

பேரணாம்பட்டு பஸ் ஏறித் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

மேஸ்திரிக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதானே. குழாயில் வாரம் ஒரு நாள் தண்ணீர் வரும் தெருவில், தினமும் வீட்டைக் குளிப்பாட்டினார். பக்கத்து வீட்டுக்காரன் என்ற பாவத்துக்கு நானும் குடம் தூக்கினேன். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. சுவர் சேரவில்லை. ஒரு கட்டை மட்டும் தளிர் விட்டது.

"பாத்தியா, உசுரு இருக்குது" என்றார்.

சோற்றைத் தானே வடித்து, இரண்டு தட்டு வைத்து, ஒன்றில் சாப்பிட்டார். அதையும் நான் இடுக்கு வழியாகத்தான் பார்த்தேன்.

ஐப்பசியில் நான்கு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் காலையில், "ஏம்ப்பா, இங்க வா" என்று சுவருக்குள்ளிருந்து சத்தம். கட்டைகள் ஊதி ஒட்டிக்கொண்டிருந்தன. கதவும் ஊதி, நிலையில் இறுகியிருந்தது. கடப்பாரையோடு ஓடினேன்.

"கதவுல கை வெச்சே, அவ்ளோதான். மொதல்ல அவளுக்கு போன் போடு."

மத்தியானம் அக்கா வந்தார். ஒவ்வொரு கட்டையாக விரலால் தடவிக்கொண்டே வீட்டைச் சுற்றினார். இரண்டாம் சுற்றும் முடிந்தது.

"பொத்தல் இருக்குதாடி?" என்றது உள்ளேயிருந்து குரல்.

"இல்ல."

"அப்ப உள்ள வா."

"எப்டிய்யா வர்றது? கதவையும் சேத்து அடச்சி வெச்சிருக்கே."

உள்ளேயிருந்து கதவை இழுத்துப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு, "அத யோசிக்கல" என்றார்.

அக்கா என் கையிலிருந்த கடப்பாரையை வாங்கிக் கதவை நெம்பினார். பலகை பிளந்தது. என்னை அதட்டிய மனிதரே உள்ளேயிருந்து தள்ளிக்கொடுத்தார். அக்கா உள்ளே போனதும் முதல் வேலையாக, பிளந்த இடத்தில் ஒரு பழைய புடவையைத் தொங்கவிட்டார்.

இப்போது மேஸ்திரிக்கு முட்டி வலி, குடம் தூக்க முடியாது. வெயில் ஏறினால் வீடு வாயைத் திறக்கும்.

இதை எழுதி முடித்தது பங்குனி பத்து, ஞாயிற்றுக்கிழமை. காலையில் அந்தச் சுவருக்கு நாலு குடம் ஊற்றிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.