சனிக்கிழமை தப்பிக்க ஒரு பியர்

பியர் காய்ச்சினதப் பத்திச் சொல்லப்போறேன்னதும் நாலு பேரு சப்புக் கொட்டியாச்சு. பாத்துட்டேன். பாட்டில் வெடிக்கும், கூரை பிச்சுக்கிட்டுப் போகும், கோழியெல்லாம் குடிச்சுட்டுக் கூத்தாடும், கடைசியில போலீஸ் வரும், அதுக்குத்தானே சம்மணம் போட்டு உக்காந்திருக்கீங்க? மன்னிக்கணும். ஒரு பாட்டிலும் வெடிக்கல. பியர் பிரமாதமா வந்துச்சு. போலீஸும் வரல. அதவிட மோசம், நெவில் பொண்டாட்டியோட அக்கா வந்தா.

நெவிலுக்கு ஊரு ஆஸ்திரேலியா டாஸ்மேனியாவுல நியூ நார்ஃபோக். வீட்டுக்குப் பின்னாடி ஒரு ஷெட். ஷெட்டுக்குள்ள ஒரு கிழிஞ்ச நாற்காலி. சனிக்கிழமையானா அதுல சாஞ்சுக்கிட்டு ரேடியோவுல குதிரைப் பந்தயம் கேக்கறதுதான் அவனோட பக்தி. அந்த பக்திக்கு எமன் அக்டோபர் மாசம். அங்க அப்பத்தான் வசந்தம், ஊரெல்லாம் ஆப்பிள் பூக்கும். அந்த வீட்டுல துடைப்பம் பூக்கும். அவன் பொண்டாட்டி கிளெனிஸ் தலையில துணியக் கட்டிட்டான்னா வீடே தலைகீழாப் புரளும், அவனும் சேந்து புரளணும். இந்த வருஷம் போதாக்குறைக்கு அவ அக்கா லொரேன் நவம்பர்ல ஹோபார்ட்ல இருந்து வந்து தங்கப்போறா. லொரேன் உள்ள நுழைஞ்சதும் "நல்லா இருக்கீங்களா"ன்னு கேக்கமாட்டா. கதவு நெலைக்கு மேல விரல ஓட்டி, விரலத்தான் பாப்பா.

"இந்த வருஷம் ஒரு ஒட்டடை கூட அடிக்கமாட்டேன்"னு நெவில் நாற்காலியத் தொட்டு சத்தியம் பண்ணான்.

வழி காட்டினது பக்கத்து வீட்டு கெல்வின். காலங்காலமா வீட்டுலயே பியர் காய்ச்சற மனுஷன். வேலிக்கு மேல தலைய நீட்டினான்.

"கடையில விக்கற டப்பாப் பாகுல தண்ணி கலந்தா அரை மணி வேலைடா நெவிலு. முளைகட்டின பார்லியிலருந்து ஆரம்பிச்சா ஒரு நாள் முழுக்கப் போயிடும். நடுவுல நகரவே முடியாது."

"நகரவே முடியாதா?"

"பொண்டாட்டி கூப்டாலும் முடியாது."

நெவில் காதுல தேன் பாஞ்சுது.

மறுநாள் காலையில டோஸ்ட்டுல வெஜிமைட் தடவிக்கிட்டே நெஞ்ச நிமித்தினான். "கிளென், நான் பியர் காய்ச்சப் போறேன். டப்பா இல்ல, முழுப் பார்லி. சனிக்கிழமை பூரா ஆகும். அதனால இந்த வருஷம் வீடு சுத்தம் பண்ண என்ன எதிர்பாக்காத."

சொல்லிட்டுத் தலையத் தோளுக்குள்ள இழுத்துக்கிட்டான். தட்டு பறக்கும்னு ஒரு முன்ஜாக்கிரதை.

கிளெனிஸ் டீயக் கலக்கினா. "தாராளமா செய்யேன், கண்ணு."

"...என்னது?"

"செய்யின்னேன். ஆம்பளைக்கும் ஒரு பொழுதுபோக்கு வேணும்ல? எங்க காய்ச்சப் போற?"

"ஷெட்டுல."

"அய்யய்யோ!" கிளெனிஸ் ஸ்பூனக் கீழ வெச்சா. அவ பால் ஃபேக்டரியில பல வருஷம் தரம் பாக்கற வேலையில இருந்தவ. கிருமின்னு அவ சொன்னாலே நெவிலுக்கு உடம்பு அரிக்கும். "அங்க எலி, சிலந்தி, உன் சாக்ஸு. ஒரு கிருமி விழுந்தாப் போதும், பியர் காடியாப் போயிடும். என் அடுப்படியில காய்ச்சு."

"நெசமாவா?"

"உனக்கில்லாத அடுப்படியா?"

நெவிலுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "சரி, எதெது சுத்தமா இருக்கணும்னு கெல்வின்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கறேன்."

"கெல்வின்கிட்டயா? அவன் பியரு நனஞ்ச நாய் மாதிரி நாறுதுன்னு நீதான சொன்ன? அவன்கிட்டப் போயி கை கட்டி நிப்பியா? நீ மானத்தோட இரு. நான் விசாரிச்சுச் சொல்றேன்."

விசாரிச்சா. சொன்னா.

"நெவ், கொதிக்கறப்ப ஆவி மேல போகும்ல?"

"போகும்."

"சீலிங்குல முட்டும்ல?"

"முட்டும்."

"அங்க ஒட்டியிருக்கற எண்ணெய்ப் பிசுக்க நக்கிட்டு, சொட்டுச் சொட்டா எங்க விழும்?"

நெவில் சீலிங்க அண்ணாந்து பாத்தான். "என் பியர்லயா?"

"நான் ஒண்ணும் சொல்லல. உன் பியரு, உன் இஷ்டம்."

ஏணி வந்துச்சு. சீலிங் பளபளத்துச்சு. ஆவி திரைச்சீலையிலயும் படும்ல? திரைச்சீலை தொட்டிக்குப் போச்சு. ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி காத்து வரும்ல? ஃப்ரிட்ஜ் நகந்துச்சு, அங்க கெடச்ச பட்டாணிக்கு நெவில விட வயசு ஜாஸ்தி.

"பாட்டில எங்க கழுவுவ?"

"குளியல் தொட்டியில."

"அந்தத் தொட்டியிலயா?"

அவ்வளவுதான் கேட்டா. அவன் பிரஷ்ஷத் தானா எடுத்துட்டான்.

"நொதிக்கற பீப்பாய எங்க வெப்ப? சூடும் ஏறக்கூடாது, குளிரும் ஏறக்கூடாதாம்."

"விருந்தாளி ரூம்ல."

"அங்க உன் தூண்டில், கிழிஞ்ச கூடாரம், ஓடாத புல்வெட்டற மிஷினெல்லாம் குடித்தனம் நடத்துதே?"

கட்டின கோட்டையெல்லாம் இடிஞ்ச ராஜா மாதிரி நெவில் அத்தனையும் டிரெய்லர்ல ஏத்திக் குப்பைமேட்டுக்குக் கொண்டுபோனான். பூஞ்சைக்குப் பயந்து சுவத்துக்கு வெள்ளையும் அடிச்சான். எல்லாம் முடிஞ்சதும் கிளெனிஸ் வாசல்ல நின்னு தாடையத் தடவினா.

"அடடா. இங்க வெயில் விழுதே. பியருக்கு வெளிச்சம் ஆகாதாம். துணி தோய்க்கற ரூம்லயே வெச்சுடலாம்."

"அது அழுக்கா கெடக்கே, கிளென்?"

"அதனால என்ன? உனக்குத்தான் இப்ப கை பழகிடுச்சே."

நெவில் குனிஞ்சு தேச்சுக்கிட்டே உள்ளுக்குள்ள சிரிச்சான். பாவம் கிளென். அக்கா வர்றா, வீட்டச் சுத்தம் பண்ண ஒரு ஆள் இல்ல. நம்மளால முடியுமா? நமக்குத்தான் பியர் வேலை தலைக்கு மேல இருக்கே!

ஒருவழியா அந்த சனிக்கிழமை வந்துச்சு. பார்லிய ஒடச்சான். சூடு வெளிய போகாம இருக்க ஐஸ்பெட்டியில கொட்டி வெந்நீர் ஊத்தினான். அறுபத்தேழு டிகிரி பாத்து மூடினான். வீடெல்லாம் கஞ்சி வாசம். ஊறி முடியணும்னா ஒரு மணி நேரம். ஷெட்டு நாற்காலியத் தூக்கிட்டு வந்து ஐஸ்பெட்டிக்குப் பக்கத்துல போட்டு, ரேடியோவத் திருகினான். குதிரையெல்லாம் கிளம்பற நேரம்.

"நெவ், அது ஊறற வரைக்கும் சும்மாதான இருக்க?"

"நகரக்கூடாது கிளென். கெல்வினே சொன்னான்."

"நகராத. இருக்கற எடத்துலருந்தே ஜன்னல் எட்டும்."

குதிரை ஓடுச்சு. ஜன்னலும் தொடச்சாச்சு. ஐஸ்பெட்டியோட குழாயத் தொறந்தான். தேன் நெறத்துல பார்லிச் சாறு இறங்கிச்சு. விரல விட்டு நக்கினவன் அப்படியே நின்னுட்டான். இனிப்பு! தன் கையால செஞ்ச இனிப்பு! அதக் கொதிக்க வெச்சு, கசப்புக்கு ஹாப்ஸ் பூவத் தூவி, ஆறவெச்சு, பீப்பாயில ஊத்தி, ஈஸ்ட்டப் போட்டான். சக்கை கோழிங்களுக்குப் போச்சு. மறுநாள் பீப்பா மூடியில ஒரு குமிழி "ப்ளுப்"னுச்சு. நெவில் மடியில கொழந்தையப் போட்ட மாதிரி உருகிட்டான்.

"உஸ்ஸ்"னா கிளெனிஸ். "உயிர் வந்துடுச்சு. இனிமேதான் தூசி ஆகாது. தினம் தரையத் தொடச்சுடு."

தொடச்சான். பாட்டில்ல ஊத்தினப்புறமும் தொடச்சான்.

நவம்பர்ல லொரேன் வந்தா. நேரா கதவு நெலை. விரல ஓட்டினா. பாத்தா. அடுத்த ரூம். ஓட்டினா. பாத்தா. வீடு முழுக்க சுத்தியும் விரல் வெள்ளையாவே இருந்துச்சு. சீட்டுக் கிழிஞ்ச ஆபீசர் மாதிரி வந்து நாற்காலியில உக்காந்துட்டா.

கெல்வினும் வந்தான். நெவில் அடுப்படியில முதல் பாட்டிலத் தொறந்தான். புஸ்ஸுன்னு நுரை. கெல்வின் ஒரு வாய் குடிச்சான். இன்னொரு வாய் குடிச்சான். தொப்பியக் கழட்டினான்.

"டேய் நெவிலு. இது பியருடா!"

நெவில் தரையிலயே இல்ல. கெல்வின் காதுகிட்ட குனிஞ்சான். "ஒரு ரகசியம் சொல்லட்டா? இந்த பார்லியச் சாக்கு வெச்சு இந்த வருஷம் வீடு சுத்தம் பண்றதுலருந்து தப்பிச்சுட்டேன்."

கெல்வின் அண்ணாந்து பாத்தான். "அப்ப சீலிங்க யாரு தொடச்சா?"

"அது நான்தான். ஆனா அது பியருக்கு."

"பியருக்கும் சீலிங்குக்கும் என்னடா சம்பந்தம்?"

"ஆவி மேல போகும், பிசுக்க எடுத்துக்கிட்டு திரும்ப சொட்டும்..."

கெல்வினுக்குச் சிரிப்புல பியர் மூக்கு வழியா வந்துச்சு. "அதான் கொதிக்குதேடா! எந்தக் கிருமி பொழைக்கும்? அடுப்புல ஏத்தறவரைக்கும் ரப்பர் பூட்ஸால கிண்டினாக்கூட ஒண்ணும் ஆகாது!"

 லொரேன் தங்கச்சியப் பாத்தா. கிளெனிஸ் சட்டுனு தட்ட நீட்டினா. "கெல்வின், சாஸேஜ் எடுத்துக்க."

கெல்வின் எடுத்துக்கிட்டான். வாய் மட்டும் நிக்கல. "வேலிகிட்ட வந்து கேட்டப்ப கிளெனிஸ்கிட்டயே சொன்னேனேடா. 'கொதிச்சு ஆறினப்புறம் தொடற பீப்பாயும் பாட்டிலும் சுத்தமா இருந்தாப் போதும் தாயி, வேற எதையும் தொட வேணாம்'னு. அதுக்கு அவதான், 'இத என் வீட்டுக்காரன் காதுல போட்டுடாத, நவம்பர் வரைக்கும் வாய மூடிட்டு இரு'ன்னு..."

கெல்வின் நிறுத்தினான். நெவிலப் பாத்தான். கிளெனிஸப் பாத்தான்.

"இது நவம்பர்தானே?"