அடியில் பார்க்கவும்

இனி இந்த வீட்டில் கையெழுத்தும் தேதியும் இல்லாத மரச்சாமான் ஒன்றுகூட இருக்கக்கூடாது என்று அவர் தீர்மானம் செய்தபோது, அவர் கையால் செய்த மரச்சாமான் அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒரு ஸ்டூல். அதுவும் ஆடியது.

ஆடியது என்றால் சும்மா ஆட்டம் இல்லை. நான்கு காலும் நான்கு கட்சி. ஒன்று தரையைத் தொட்டால் எதிர்க்கால் வெளிநடப்புச் செய்யும். அவர் மனைவி பழைய செய்தித்தாளை மடித்து ஒரு காலுக்கு அடியில் கொடுத்துப் பார்த்தாள். உடனே கோபித்துக்கொண்டு இன்னொரு கால் தூக்கிக்கொண்டது. சரி, மனுஷர்தான் உட்கார முடியாது, துவைத்த துணியாவது உட்காரட்டும் என்று துணியை அடுக்கி வைத்தாள். துணியும் சரிந்து விழுந்தது.

இப்படிப்பட்ட ஸ்டூலுக்குத் தகப்பன் யார் என்பது வெளியே தெரியாமல் இருப்பதுதான் எல்லோருக்கும் மரியாதை. ஆனால் அவருக்கு அது தாங்கவில்லை. அதற்கு ஒரு காரணமும் உண்டு. அலுவலகத்தில் அவர் நாள் முழுக்கக் கையெழுத்துப் போடுகிறவர். ஆனால் போடுகிற ஒவ்வொன்றின் கீழும் ‘மேலாளருக்காக’ என்று அச்சடித்திருக்கும். வாலிபத்திலிருந்து வழுக்கை வரைக்கும் அடுத்தவருக்காகவே கையெழுத்துப் போட்டு வந்தவருக்கு, தனக்கென்று ஒரு கையெழுத்துப் போட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஏக்கம் நிஜமாகவே இருந்தது. அந்த ஏக்கத்தைக் குறை சொல்ல முடியாது. அதைக் கொண்டுபோய் ஸ்டூலில் காட்டியதைத்தான் சொல்ல வேண்டும்.

ஒருநாள் கைபேசி வீடியோவில் யாரோ ஒரு தாடிக்காரர் பேசிக்கொண்டிருந்தார். நீங்கள் செய்த மரவேலையில் பெயரும் தேதியும் போட்டு வையுங்கள், நூறு வருஷம் கழித்து அதைக் கையில் எடுப்பவர் உங்களை நினைத்துக்கொள்வார் என்றார். நூறு வருஷம் என்றதும் இவருக்குப் புல்லரித்துவிட்டது. மறுநாளே மரத்தில் எழுதுகிற பேனா ஒரு பெட்டி நிறைய வாங்கி வந்தார். வீட்டில் இருந்த சுத்தியலோ எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரருடையது.

ஸ்டூலைக் கவிழ்த்து, அடிப்பலகை நிறையக் கையெழுத்துப் போட்டார். கீழே தேதி. தேதிக்குக் கீழே ஒரு கோடு. அவருக்கு மனசு நிறைந்துபோனது.

"தேதி எதுக்குங்க?" என்று கேட்டாள் மனைவி.

"பின்னால வர்றவங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

"யாருக்கு, உக்காந்து விழுந்தவன் கேஸ் போடறதுக்கா?"

அவர் தேதிக்குக் கீழே இருந்த கோட்டை இன்னும் கொஞ்சம் அழுத்திப் போட்டார். கலை தெரியாதவர்களோடு பேசிப் பிரயோஜனமில்லை என்பது அவர் கொள்கை. பதில் தோன்றாதபோதெல்லாம் அந்தக் கொள்கை அவருக்குக் கைகொடுக்கும்.

அடியில் போட்ட கையெழுத்தில் ஒரு சங்கடம் உண்டு. யார் கண்ணிலும் படாது. ஆகவே படவைக்கிற பொறுப்பையும் அவரே எடுத்துக்கொண்டார். சுத்தியலைத் திருப்பி வாங்கிப் போக வந்த மருந்துக்கடைக்காரரை ஸ்டூலில் உட்கார வைத்து, கையில் சூடான டீயைக் கொடுத்து, அவர் முதல் வாய் குடிப்பதற்குள் எழுந்திருக்கச் சொல்லி, ஸ்டூலைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினார். கவிழ்த்து வைத்தால் கொஞ்சமும் ஆடவில்லையே என்று மருந்துக்கடைக்காரர் கவனித்துச் சொன்னார். இவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். சுத்தியலை அவர் மறந்துவிட்டுப் போனது தனி லாபம்.

இந்தச் சமயத்தில்தான் மனைவியின் அண்ணன் குடும்பத்தோடு வந்து தங்கப் போவதாகச் சொல்லி அனுப்பினார். அந்த வீட்டில் சாப்பாட்டு மேசை கிடையாது. ஆளுக்கொரு மூலையில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிற வீடு. கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டுவந்த ஒரே சாமான் அதுதான். கடைக்குப் போய் நல்லதாக ஒரு மேசை வாங்கலாம் என்று இந்த முறையும் ஆரம்பித்தாள்.

"கடை மேசையா? அதைச் செஞ்சவன் பேரு யாருக்காவது தெரியுமா? நான் இருக்கிற வரைக்கும் காசு குடுத்து வாங்கின மரச்சாமான் இந்த வாசப்படி ஏறாது," என்றார்.

அவள் சண்டை போட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பார். சண்டை போடவில்லை.

"சரிங்க. அப்ப நீங்களே செஞ்சு குடுங்க. முதல்ல சின்னதா ஒரு டீப்பாய் செய்யுங்க. கை பழகினதும் பெரிய மேசை பாத்துக்கலாம்."

கொல்லைப்புறத்து ஷெட்டில் வேலை தொடங்கியது. நல்ல பலகை ஒன்று வாங்கிப் போட்டார். அடுத்து எந்தத் தச்சனும் அளவு எடுப்பான். இவர் கையெழுத்துப் போட்டார். முடிக்கப் போகிற ஞாயிற்றுக்கிழமையின் தேதியையும் முன்கூட்டியே போட்டுவிட்டார். அதன் பிறகு டேப்பை நீட்டினால், வெட்ட வேண்டிய கோடு சரியாக அவர் பெயரின் நடுவில் போனது.

ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு நின்றார். முன்பாதிப் பெயர் டீப்பாயோடு போகும், பின்பாதி அடுப்புக்குப் போகும். பலகையைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் வெட்டினாலும் அதே கோடு, அதே பெயர். தன் பெயரைத் தானே அறுக்க அவருக்குக் கை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தது, போனது. பலகையில் இருந்த தேதி பழசானது. டீப்பாய் மட்டும் பிறக்கவே இல்லை.

மனைவி ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள்.

"சந்தேகம் இருந்தா தெரு முனைப் பட்டறையில போய் ஒரு வார்த்தை கேளுங்களேன். கேக்கறதுல என்ன குறைஞ்சு போயிடும்?"

குறைந்து போகாது என்று அவருக்கும் பட்டது. சும்மா இரண்டு நுணுக்கம் விசாரித்துவிட்டு வரலாம் என்று கிளம்பினார். பட்டறைத் தச்சர் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, வருகிறவன் முகத்தை நிமிர்ந்து பார்க்காமலேயே வியாபாரம் செய்கிற ஆள். வாசலிலேயே ஒரு டீப்பாய் நின்றது. கண்ணாடி மாதிரி வழவழப்பு. அசைத்துப் பார்த்தார், அசையவில்லை. நுணுக்கம் விசாரிக்க வந்தவர் அதை அப்படியே மறந்தார். நண்பர் ஒருவர் கேட்டிருந்தார், அவருக்காக வாங்கிப் போகிறேன் என்றார். எந்த நண்பர் என்று தச்சர் கேட்கவில்லை. கேட்காததைப் பார்த்து இவர் அந்த ஆளை வெகுளி என்று முடிவு கட்டினார்.

படுக்கை விரிப்பில் சுற்றி, கொல்லைப்பக்கச் சந்து வழியாகத் திருடன் மாதிரி ஷெட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்தார். இங்கே ஒரு இடைஞ்சல் வந்தது. வார்னிஷ் மேல் மை நிற்கவில்லை. போட்ட கையெழுத்தெல்லாம் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அடிப்பக்கத்தில் உப்புத்தாளை வைத்து வார்னிஷ் போகிற வரைக்கும் உரசினார். கை கழன்றுவிடும் போல வலித்தது. அந்த டீப்பாயில் அவர் செய்த வேலை அது ஒன்றுதான். அதன் மேல் கையெழுத்தும் தேதியும் போட்டு, கூடத்துக்குத் தூக்கி வந்தார்.

மனைவி டீப்பாயைச் சுற்றி வந்தாள். மூலையில் கையை ஊன்றி அழுத்தினாள். விளிம்பு வரைக்கும் தண்ணீர் ஊற்றிய டம்ளரை நடுவில் வைத்துத் தட்டிப் பார்த்தாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. பிறகு அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ரொம்ப நல்லா வந்திருக்குங்க. கையெழுத்து எங்கே?"

அவளே குனிந்து அடியில் பார்த்தாள். கட்டின மனைவி தன் கையெழுத்தைத் தேடிப் பார்க்கிறாள் என்ற சந்தோஷத்தில், அது யார் செய்த டீப்பாய் என்பதே அவருக்கு ஒரு நிமிஷம் மறந்துபோனது.

அதன் பிறகு மறப்பது சுலபமாகிவிட்டது. கை பழகட்டும், செருப்பு வைக்க ஒரு தட்டு செய்யுங்கள் என்றாள். செருப்புத் தட்டு வந்தது. புத்தக அலமாரி என்றாள், அதுவும் வந்தது. அவள் துணி வைக்கிற பீரோவை விரிப்பில் சுற்ற முடியாது என்பதால், மனைவி கடைக்குப் போயிருந்த மாலை பார்த்து வண்டியில் ஏற்றி வந்து இறக்கினார். அவள் அன்றைக்குக் கடையில் வழக்கத்தைவிட நெடுநேரம் நின்றுவிட்டு வந்தாள். எல்லாவற்றிலும் அடியில் உப்புத்தாள், கையெழுத்து, தேதி.

இதற்கிடையில் ஷெட்டில் சத்தம் கேட்க வேண்டுமே. அலுவலகத்திலிருந்து வந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு அந்தப் பழைய பலகையை அறுப்பார். பெயர் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு மீதியெல்லாம் துண்டு துண்டாகிவிட்டது. அறுத்து முடித்ததும் ஒரு பிடி மரத்தூளை எடுத்துத் தலையில் தூவிக்கொண்டு வெளியே வருவார். மனைவி முந்தானையால் அதைத் தட்டிவிட்டு, இப்படி உழைத்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும் என்பாள். அப்போது அவருக்கு வெட்கமாக இருக்கும். சாப்பாடு ஆகிற வரைக்கும் இருக்கும்.

மருந்துக்கடைக்காரர் ஒருநாள் பீரோவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, தனக்கும் ஒன்று செய்து தரும்படி கேட்டார். இவருக்கு வியர்த்தது. மனைவிதான் காப்பாற்றினாள்.

"அவரு வெளியாளுக்கெல்லாம் செய்ய மாட்டாருங்க. எனக்காக மட்டும்தான் செய்யறாரு."

எவ்வளவு அப்பாவி என்று அவளை நினைத்து மனம் உருகினார். அந்தத் தெம்பில் மருந்துக்கடைக்காரருக்கு மரங்களைப் பற்றியும் அவற்றை இணைக்கிற மூட்டுகளைப் பற்றியும் ஒரு பிரசங்கம் செய்தார். கடைச் சாமான்களில் ஆத்மா கிடையாது என்றார். பட்டறைக்குப் போனால் அங்கேயும் இந்தத் திமிர் அடங்கவில்லை. என் வேலைக்கு இந்த மூலை இன்னும் கொஞ்சம் உருண்டையாக இருக்க வேண்டும் என்று தச்சரிடமே குறை சொன்னார். தச்சர் அப்போதும் நிமிரவில்லை. தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது. இருமல் என்று நினைத்துக்கொண்டார்.

மச்சான் வருகிற வாரமும் வந்தது. பெரிய மேசை பாக்கி. அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அவர் வந்ததும் மேசைக்கு அடியில் குனிந்து உங்கள் கையெழுத்தைத்தான் முதலில் பார்ப்பார் என்று மனைவி சொல்லியிருந்தாள். கடை மேசை வாசப்படி ஏறாது என்று வீறாப்புப் பேசியவர், மச்சான் முன்னால் மேசை இல்லாமல் நின்றால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்? அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுப் பட்டறைக்கு ஓடினார்.

"பெரிய மேசை ஒண்ணு அவசரமா வேணும். நாற்காலியோட. நண்பர் ஒருத்தருக்கு," என்றார்.

"உள்ளே இருக்கு சார். போய்ப் பாருங்க."

உள்ளே நீளமான சாப்பாட்டு மேசை ஒன்று, வார்னிஷ் காய்வதற்காகத் தலைகீழாக வைக்கப்பட்டிருந்தது. சுற்றிலும் ஆறு நாற்காலி, அவையும் கால்களை மேலே தூக்கிக்கொண்டு.

"நான் இன்னும் அளவே சொல்லலையே?"

"அம்மா சொல்லிட்டாங்க."

"எந்த அம்மா?"

"உங்க வீட்டு அம்மாதான். எல்லாத்துக்கும் அவங்கதானே அளவு குடுத்தாங்க." முதல் முறையாகத் தச்சர் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். "முதல்ல அந்த டீப்பாய்கூட அவங்க சொல்லிச் செஞ்சதுதான் சார். வாசல்ல கண்ணுல படற மாதிரி வைங்க, நண்பருக்குன்னு சொல்லிட்டு ஒருத்தர் வருவாரு, ஒண்ணும் தெரியாத மாதிரி குடுத்து அனுப்புங்கன்னாங்க."

அவர் உட்கார இடம் தேடினார். ஆறு நாற்காலியும் கவிழ்ந்து கிடந்தன.

மேசையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த இடத்துக்குப் பக்கத்தில், பளபளவென்ற பலகையின் நடுவே, தீப்பெட்டி அளவுக்கு ஒரு சின்னச் சதுரம் வெறும் மரமாக இருந்தது. நாற்காலிகளைப் பார்த்தார். ஒவ்வொன்றின் அடியிலும் அதே சதுரம். மானம் போனாலும் நிபுணத்துவம் போகக்கூடாது என்று, இங்கே வார்னிஷ் விட்டுப்போயிருக்கிறதே என்று குறை சொன்னார்.

"விட்டுப்போகல சார், விடச் சொன்னாங்க. உப்புத்தாளை வச்சு உரசி உரசி உங்களுக்குக் கை வலிக்குதாம்." தச்சர் காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சதுரத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டார். "பேரை இதுக்குள்ள போட்டுக்குங்க. தேதியை அம்மா சொல்லுவாங்களாம்."